ஏட்டில் ஏறாத கடன்

செட்டிநாட்டுக் கணக்கை உலகறியும், தோழர்களே! பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்தியவர்கள், பற்றும் வரவும் பார்த்து ஐந்தொகை போட்டனர், காசு தப்பியதில்லை. இன்றைய ஆலைகளும் காசைக் கணக்கிடுகின்றன. ஆனால் ஆழ்துளையிட்டு உறிஞ்சிய நீர்? வெளியே விட்ட கழிவு? அவை யார் தலையில் எழுதிய கடன்? ஊர்க் கண்மாயின் தலையில் அன்றோ!

பங்குச்சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள், எடுத்த நீரையும் விட்ட கழிவையும் ஆண்டறிக்கையில் எழுதியாக வேண்டும் என 'செபி' விதித்தது. 2022-23 முதல் அது கட்டாயம். நன்று! ஆனால் ஆயிரத்துக்கு அப்பால் நிற்கும் ஆலைகள்? எழுதினால் மட்டும் கடன் தீருமோ?

இதோ, சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் காப்பகம். அதன் அருகே கொள்ளுக்குடிப்பட்டி. கூடு கட்டிய பறவைகள் அஞ்சுமென்று, தீபாவளிக்கும் வெடி வெடிக்காத சிற்றூர்! அவர்கள் அறிக்கை அச்சிடவில்லை. தம்மால் யாருக்குத் தீங்கு என்று எண்ணினர், தவிர்த்தனர்.

ஆலைகளும் அவ்வாறே செய்யட்டும். எந்த நீர்நிலையில் எடுத்தோம், எவ்வளவு எடுத்தோம், எதைக் கெடுத்தோம் என அளக்கட்டும். தவிர்க்கட்டும், குறைக்கட்டும், கெட்டதைச் சீராக்கட்டும். உழவர் சின்னஞ்சிறு மகிழ்ச்சியைத் துறந்தனர். கோடிகளை ஈட்டுவோர் கொஞ்சம் துறக்கலாகாதோ? கேளுங்கள், தோழர்களே! கடன் தீரும்வரை கேளுங்கள்!