நாற்காலி கிடைத்தது, உட்கார விடவில்லை

"சட்டம் எல்லோருக்கும் பொதுதானே, இன்னும் எதற்குச் சாதி பேசுகிறீர்கள்?" என்று கேட்கிறவர்களிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டியது இதுதான்: எந்தச் சட்டம்?

1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் நம் மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. சட்டை கூடாது, பனியன் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931இல் எட்டு பதினொன்றானது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாட்டை மேய்க்க வேண்டும் என்பதும் சேர்ந்தது. இதுவும் சட்டம்தான். கூடிப் போட்டது அவர்கள், கட்டுப்பட வேண்டியது நாம். அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி நடந்துகொண்டிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். அவன் சட்டம் ஒரு பக்கம், ஊர்ச்சட்டம் இன்னொரு பக்கம். இரண்டிலும் நம் கை இல்லை.

நம் கை பட்ட சட்டம் ஒன்று உண்டு. அண்ணல் தலைமையிலான குழு வரைந்த அரசமைப்பு. தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவு அதில்தான் இருக்கிறது. ஆனால் நமக்கான பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதி உரிமையை 1932 செப்டம்பர் 24இல் பூனாவில் இழந்தோம். 71 இடம் 148 ஆனது என்று இன்றும் கணக்குக் காட்டுகிறார்கள். இடம் கூடியது சரி. அதில் யார் உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்யும் வாக்கு யாருடையது?

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996இல் நமக்கு ஒதுக்கப்பட்டன. 2006 வரை நம்மில் ஒருவர் தலைவராக இருந்து ஆள ஊர் விடவில்லை. வேட்புமனு போட ஆளில்லை, அல்லது ஜெயித்த கையோடு ராஜினாமா. மேலவளவில் விலகாமல் நின்ற தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். ஊர்ச்சட்டத்தை மீறியதற்கு ஊர் கொடுத்த தண்டனை அது. "பழைய கதை" என்பவர்களுக்கு, 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை. ஊராட்சித் தலைவர் ஒரு பெண். கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில், அவர் தரையில். அந்தப் புகைப்படம் வெளியே வந்த பிறகுதான் வழக்கே வந்தது.

தோழர்களே, உங்கள் ஊரில் தலைவர் எங்கே உட்காருகிறார்? அடுத்த கிராம சபைக்குப் போய்ப் பாருங்கள்.