உப்பளத்தின் டிகிரி

வேம்பார், தருவைக்குளம் தொடங்கித் தூத்துக்குடி நகரின் விளிம்பைத் தொட்டு, முத்தையாபுரம், ஆறுமுகநேரி வரை பரந்து கிடக்கும் உப்பளங்களில், பாத்திக்கு நீர் திறந்துவிடும் தொழிலாளர் செய்யும் அளவீடு முறையான வேதியியல் அளவீடே ஆகும். உவர்நீரைத் தேக்கிவைக்கும் தெப்பத்தின் நீரை உயரமான குவளையில் மொண்டு, அடிப்பகுதி கனத்த கண்ணாடித் திரவமானியை அதில் மிதக்கவிட்டு, தண்டில் நீர்மட்டம் தொடும் கோட்டைப் பார்த்து, இத்தனை டிகிரி என்று அவர் சொல்வது வெப்பநிலையை அன்று, செறிவை. குறிப்பிட்ட அளவு கரைசலிலோ கரைப்பானிலோ எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்பதே செறிவு. உப்பு மிகுந்தால் நீரின் அடர்த்தி கூடும். அடர்த்தி கூடினால் திரவமானி குறைவாக அமிழும். எனவே அமிழும் ஆழமே செறிவுக்குச் சான்றாகிறது.

இந்த அளவுகோலை 1768-இல் வகுத்தவர் அந்துவான் போமே என்னும் பிரெஞ்சு மருந்தாளுநர். தூய நீரில் கருவி அமிழும் இடத்தை 0 என்றும், எடையில் 15 பங்கு உப்பும் 85 பங்கு நீரும் கொண்ட கரைசலில் அது அமிழும் இடத்தை 15 என்றும் குறித்து, இடைவெளியைச் சமமாகப் பகுத்து, அதே அளவில் மேலும் கோடுகளை நீட்டினார். அமிலம், சர்க்கரைப்பாகு எனப் பலவற்றுக்கும் பின்னர் பயன்பட்ட இவ்வளவுகோல் சமையல் உப்பைக் கொண்டே பிறந்தது என்பதால், உப்பளத்தில் அது தன் சொந்த மண்ணில்தான் நிற்கிறது.

கடல்நீர் ஏறத்தாழ 3.5 டிகிரி காட்டும். தூத்துக்குடியில் பல அளங்கள் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைக்கும் நிலத்தடி உவர்நீர் அதைவிடச் செறிவானதாகையால், வெயிலும் காற்றும் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதி முன்னரே முடிந்துவிடுகிறது. நீர் ஆவியாகச் செறிவு ஏறும்போது முதலில் சுண்ணாம்புக் கார்பனேட்டும், 13 டிகிரிக்கு மேல் ஜிப்சமும் படிகின்றன. கடல்நீரின் கன அளவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மறைந்து, 25 டிகிரியைத் தாண்டிய பின்னரே சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு, பாத்தியில் விளையத் தொடங்கும். 29, 30 டிகிரிக்கு மேலும் நீரை விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகள் கலந்து, விளைச்சல் கசப்பேறி, காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். ஆகையால் எஞ்சிய கசப்பு நீரை அதற்குள் வெளியேற்றியாக வேண்டும். ஓர் ஆண்டின் உப்பு நல்லுப்பாவதும் கழிவதும் நான்கைந்து டிகிரி இடைவெளியில் தீர்மானமாகிறது என்றால், அந்தக் கோட்டைப் பார்க்கும் கண்ணுக்கு உரிய மதிப்பு இன்னும் தரப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆயினும் டிகிரி சொல்வது கரைந்துள்ள அனைத்தின் கூட்டு விளைவை மட்டுமே. எது எவ்வளவு என்பதை அது பிரித்துச் சொல்லாது. தூய சமையல் உப்பை மட்டும் இனிக் கரையாது என்னும் அளவுக்கு நீரில் கரைத்த தெவிட்டிய கரைசல் ஏறத்தாழ 24 டிகிரியே காட்டும். கடல் உவர்நீர் 25-ஐத் தாண்டிய பின் உப்பை விடுவிப்பதற்குக் காரணம், மக்னீசிய உப்புகளும் சேர்ந்து அடர்த்தியைக் கூட்டுவதே. வெயிலில் சூடேறிய நீர் விரிந்து அடர்த்தி குறைவதால், ஒரே நீர் காலையில் காட்டும் டிகிரியை நண்பகலில் காட்டாது என்பதும் நினைவில் வைக்கத்தக்கது.

பிரித்தறிவதற்குத் தரம்பார்த்தல் வேண்டும். செறிவு தெரிந்த சில்வர் நைட்ரேட் கரைசலைப் பியூரெட்டிலிருந்து துளித்துளியாக உவர்நீரில் விட்டால் குளோரைடு வெண்மையாக வீழ்படியும்; குளோரைடு தீர்ந்த கணத்தில், நிறங்காட்டியாகச் சேர்த்த பொட்டாசியம் குரோமேட் செங்கல் நிற வீழ்படிவைத் தரும்; அதுவரை செலவான கன அளவிலிருந்து குளோரைடின் அளவு கிடைக்கும். சோடியத்தோடு இணைந்ததையும் மக்னீசியத்தோடு இணைந்ததையும் இச்சோதனை வேறுபடுத்தாது என்பதால், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றைத் தனியே அளந்தாக வேண்டும். சாகுபுரத்தில் நடப்பது போன்ற காஸ்டிக் சோடா உற்பத்திக்கு இந்தப் பகுப்பு இன்றியமையாதது.

அளந்ததை எந்த அலகில் சொல்வது என்பதும் பொருட்படுத்த வேண்டியதே. 25 செல்சியஸ் வெப்பநிலையில் ஒரே தெவிட்டிய உப்புக் கரைசலை எடையில் 26.4 விழுக்காடு என்றும், லிட்டருக்கு ஏறத்தாழ 317 கிராம் என்றும், ஒரு லிட்டர் கரைசலிலுள்ள மோல்களைக் கூறும் மோலாரிட்டியில் 5.4 என்றும், ஒரு கிலோகிராம் நீருக்குரிய மோல்களைக் கூறும் மோலாலிட்டியில் 6.1 என்றும் சொல்லலாம். நான்கும் உண்மை, அலகை நீக்கிவிட்டால் நான்கும் பயனற்றவை. உண்ணும் உப்பில் சேர்க்கும் அயோடின் போன்ற மிகச் சிறிய அளவுகளுக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்னும் பிபிஎம் அலகு பொருந்தும். எடுத்துக்காட்டாக, 30 பிபிஎம் வேண்டுமெனில், ஒரு டன் உப்புக்கு 30 கிராம் அயோடின், அதாவது ஏறத்தாழ 50 கிராம் பொட்டாசியம் அயோடேட், சீராகக் கலந்திருக்க வேண்டும்.

தூத்துக்குடி மாவட்டத்து மேல்நிலைப் பள்ளிகளில் மோலாரிட்டி கரும்பலகைக் கணக்காக மட்டும் நின்றுவிடலாகாது. கடல்நீர், தெப்பத்து நீர், பாத்தி நீர் ஆகியவற்றை மாணவர் தாமே திரவமானியால் அளந்து, அதே நீரைப் பள்ளி ஆய்வகத்தில் தரம்பார்த்து, இரு விடைகளும் ஏன் வேறுபடுகின்றன என்று கண்டறிய, வேதியியல் ஆசிரியர்கள் அவர்களை ஒருமுறையேனும் உப்பளத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.