எழுந்திருக்கத் தடுமாறும் செல்லம்... வயது மட்டும்தான் காரணமா?

வாசலில் பைக் சத்தம் கேட்டதும் பாய்ந்தோடி வந்த நாய், இப்போது படுத்த இடத்திலிருந்தே வாலை மட்டும் ஆட்டுகிறது. 'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். ஆனால், அது எழுந்து வராததற்கு மூட்டுவலி காரணமாக இருக்கலாம்.

நாள்பட்ட வலிக்கு நாய்கள் பெரும்பாலும் கத்துவதில்லை. தூங்கி எழுந்ததும் சில அடிகள் விறைப்பாக நடந்து, பிறகு சரியாவது, படியேறத் தயங்குவது, ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருப்பது, இடுப்பைத் தொட்டால் உறுமுவது... இவையெல்லாம் அறிகுறிகள். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களில் இடுப்பு மூட்டுப் பிரச்னை இளவயதிலேயே தொடங்கலாம்.

எல்லா நொண்டலும் தேய்மானம் அல்ல. பாதத்தில் தைத்த முள், தசைநார் கிழிசல், எலும்புப் புற்று எனப் பல காரணங்கள் உண்டு. உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வீங்கும். அதனால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முதல் வேலை. நொண்டுவதை மொபைலில் வீடியோ எடுத்துச் செல்லுங்கள். பதற்றத்தில் சில நாய்கள் அங்கே நன்றாகவே நடந்துவிடும்.

இதைச் செய்யாதீர்கள்!

வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை வயிற்றில் புண், ரத்தக்கசிவு, சிறுநீரகச் செயலிழப்பு வரை கொண்டுபோகும், உயிரையும் பறிக்கலாம். நாய்களுக்கென கார்ப்ரோஃபென், மெலாக்ஸிகாம் போன்ற மருந்துகள் உள்ளன. அவற்றையும் மருத்துவர் சொன்ன அளவில்தான் தர வேண்டும். நீண்டநாள் கொடுத்தால் கல்லீரல், சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை அவசியம். வாந்தி, கறுப்பு மலம், சாப்பிட மறுப்பது தெரிந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டிலேயே செய்யலாம்

* எடையைக் குறையுங்கள். லேசாகத் தடவினாலே விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். பிஸ்கட்டை நிறுத்துவதிலிருந்து தொடங்கலாம்.

* டைல்ஸ், கிரானைட் தரையில் கால் வழுக்கும். நடக்கும் வழியில் ரப்பர் மேட் போடுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள்.

* ஒரே நீண்ட நடைக்குப் பதில், வெயிலுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று குட்டி நடைகள் போதும். பந்தை எறிந்து துரத்தவிட வேண்டாம்.

* வெறுந்தரை வேண்டாம். தடிமனான மெத்தை போடுங்கள். மார்கழிக் குளிரில் இது இன்னும் முக்கியம்.

தேய்ந்த மூட்டு பழையபடி ஆகாது. ஆனால் வலி குறைந்தால், பைக் சத்தத்துக்கு மெதுவாகவேனும் அது வாசல்வரை வரும்!