குறுஞ்செய்தி விளம்பரமும் மஹல்லா பட்டியலும்: செல்போன் எண் ஓர் அமானிதம்

யூடியூப், இன்ஸ்டாகிராம் வழியாகத் தொழில் செய்யும் பிள்ளைகள் நம் சமுதாயத்தில் பெருகி வருகிறார்கள். கோவை கரும்புக்கடையிலும் குனியமுத்தூரிலும் வீட்டிலிருந்தே பிரியாணி சமைத்து வீடியோ போடும் பெண்கள் இருக்கிறார்கள். திருப்பூரில் பனியன் ரகங்களைக் காட்டி ஆர்டர் பிடிக்கும் இளைஞர்களும், ஈரோட்டிலும் பொள்ளாச்சியிலும் சிறுவர்களுக்கு ஆன்லைனில் ஓதக் கற்றுக்கொடுக்கும் உஸ்தாதுகளும் இருக்கிறார்கள். உழைத்துச் சம்பாதிக்கும் வழி இது. பாராட்ட வேண்டியதுதான்.

இவர்களிடையே இப்போது ஒரு பேச்சு வலுத்திருக்கிறது. "ஃபாலோயர் எத்தனை ஆயிரம் இருந்தால் என்ன, அவர்களின் செல்போன் எண் நம் கையில் இருக்க வேண்டும். குறுஞ்செய்தி அனுப்பினால் நேராகப் போய்ச் சேரும்" என்கிறார்கள். இந்தப் பேச்சின் அடுத்த கட்டமாக, "மஹல்லா குடும்பங்களின் எண்கள் உங்களிடம் இருக்குமே, கொஞ்சம் தர முடியுமா?" என்ற கோரிக்கை பள்ளிவாசல் அலுவலகங்களுக்கும் வருகிறது. ரமளான் நெருங்கும்போது இது கூடுதலாகிறது.

எண் வேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. அதை எங்கிருந்து, எப்படிப் பெறுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எண்ணுக்குரியவர் தன் கையால் தந்தால் அது வியாபாரத்துக்குப் பரக்கத். வேறு ஒருவர் எடுத்துக் கொடுத்தால் சட்டப்படியும் சிக்கல், மார்க்கப்படியும் சிக்கல்.

எண் ஏன் தேவைப்படுகிறது?

2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் செயலிக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே மாதம் 24-ஆம் தேதி அந்தத் தடை நீங்கியது. ஆனால் 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது மீள வழியில்லாமல் போனது. லட்சக்கணக்கான ரசிகர்களைச் சேர்த்து வைத்திருந்த தமிழ்நாட்டுக் கலைஞர்கள் பலர் ஒரே இரவில் வெறுங்கையோடு நின்றார்கள். அந்த ரசிகர்களில் ஒருவரைக்கூட அவர்களால் கூப்பிட்டுச் சொல்ல முடியவில்லை. பட்டியல் நிறுவனத்திடம் இருந்தது, கலைஞரிடம் இல்லை.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகெங்கும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. அந்த நேரத்திலும் சாதாரண குறுஞ்செய்தி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அதற்கு டேட்டா வேண்டாம், ஸ்மார்ட்போனும் வேண்டாம். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கும் போய்ச் சேரும்.

மேலை நாடுகளில் இதையே ஒரு தொழிலாக வளர்த்திருக்கிறார்கள். 2020 செப்டம்பரில் அமெரிக்க முன்னாள் அதிபர் ஒபாமாவே ஓர் எண்ணை வெளியிட்டு, "எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள்" என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் யாருடைய எண்ணையும் வெளியில் வாங்கவில்லை. தன் எண்ணைக் கொடுத்தார், விரும்பியவர்கள் தாமாக வந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் விளம்பரக் குறுஞ்செய்திகளை ஒழுங்குபடுத்துவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். அதன் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, விளம்பரக் குறுஞ்செய்தி அனுப்ப விரும்புபவர் முதலில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் போன்ற நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி தளத்தில் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அனுப்புநரின் பெயராகத் தெரியும் குறியீட்டுக்கு ஒப்புதல் பெற வேண்டும். அனுப்பப்போகும் வாசகத்தின் மாதிரிக்கும் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். 2024 அக்டோபர் முதல், செய்திக்குள் வைக்கும் இணைய இணைப்பையும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் செய்தி போய்ச் சேராது.

2025 பிப்ரவரி 12 அன்று டிராய் இந்த விதிகளை மேலும் இறுக்கியது. இப்போது வரும் செய்திகளில் அனுப்புநர் பெயரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' என்றால் சேவை, 'டி' என்றால் பரிவர்த்தனை, 'ஜி' என்றால் அரசு. விளம்பரச் செய்தி ஒவ்வொன்றிலும் "இனி வேண்டாம்" என்று விலகும் வழி தந்தாக வேண்டும். அப்படி விலகியவரிடம் 90 நாட்களுக்கு மறுபடியும் அனுமதி கேட்கக்கூடாது.

நம் பிள்ளைகள் பலர் சறுக்கும் இடம் வேறு. பதிவு, ஒப்புதல் என்று அலைவதைத் தவிர்க்க, சொந்த பத்து இலக்க எண்ணிலிருந்தே நூற்றுக்கணக்கானவர்களுக்கு விளம்பரம் அனுப்பிவிடுகிறார்கள். பதிவு செய்யாத எண்ணிலிருந்து விளம்பரம் வந்தால், டிஎன்டி பதிவு செய்யாதவர்கூட இப்போது புகார் தரலாம். அதற்கு ஏழு நாள் அவகாசம் உண்டு. பத்து நாட்களில் ஐந்து புகார்கள் சேர்ந்தாலே நடவடிக்கை வரும். முதல் முறை என்றால் 15 நாட்களுக்கு அவர் பெயரில் உள்ள எந்த இணைப்பிலிருந்தும் எதுவும் வெளியே போகாது. மீண்டும் செய்தால் அவர் பெயரில் உள்ள தொலைபேசி இணைப்புகள் அனைத்தும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். வீட்டில் எல்லா சிம்மும் ஒருவர் பெயரில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அதன் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒருவரின் தகவலை எந்த நோக்கம் சொல்லி வாங்கினோமோ அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதும், சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பதும் இதன் அடிப்படை. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

தமிழில் அனுப்பினால் செலவு கூடும்

ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடங்கள் உண்டு. தமிழில் 70 மட்டுமே. அதிலும் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி இடம் எடுக்கும். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்ற சலாமுக்கு மட்டும் 18 இடங்கள் போய்விடும். செய்தி நீண்டு பல துண்டுகளானால் ஒவ்வொரு துண்டிலும் தமிழுக்குக் கிடைப்பது 67 இடங்கள். 180 இடம் பிடிக்கும் தமிழ்ச் செய்தி மூன்று துண்டாகிறது. துண்டுக்கு 20 பைசா என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் பேருக்கு 600 ரூபாய்.

எனவே வேண்டாதவர்களுக்கு அனுப்புவது வீண் விரயமும் ஆகிறது. வாங்கும் எண்ணமே இல்லாத ஐயாயிரம் பேரின் பட்டியலைவிட, தாமாகக் கேட்டு வந்த இருநூறு பேரின் எண்கள்தான் சிறு வியாபாரிக்கு லாபம்.

மஹல்லா பட்டியலை ஏன் தரக்கூடாது?

பள்ளிவாசல் பதிவேட்டில் ஒரு குடும்பத்தின் எண் எப்படி வந்தது? நிகாஹ் பதிவுக்காக வந்திருக்கும். சந்தாவுக்காக, ஃபித்ரா அரிசி வழங்குவதற்காக, ஜனாஸா அறிவிப்புக்காக வந்திருக்கும். கணவரை இழந்த சகோதரி உதவி கேட்டு வந்தபோது தந்த எண்ணும் அதில் இருக்கும். அவர் அதைத் தந்தது ஜமாஅத்தை நம்பி. பிரியாணி விளம்பரத்துக்காகத் தரவில்லை. விளம்பரம் செய்பவர் நம் பிள்ளைதான், பொருளும் ஹலால்தான் என்பதால் இந்தக் கணக்கு மாறிவிடாது. அமானிதத்தை ஒப்படைத்தவர் சொன்ன வேலைக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்பது மதரஸாவின் தொடக்க வகுப்பு மாணவருக்கும் தெரிந்த சட்டம்.

இதில் பாதுகாப்புப் பிரச்சினையும் இருக்கிறது. ஒரு பகுதியின் முஸ்லிம் குடும்பங்கள் அனைத்தின் பெயர், தெரு, எண் ஆகியவை ஒரே எக்செல் கோப்பில் சேர்ந்து, முகம் தெரியாத மொத்தக் குறுஞ்செய்தி முகவர் ஒருவரின் கணினிக்குப் போகிறது. பிறகு அது எங்கே போகும் என்பதை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. 1997 நவம்பரையும் 1998 பிப்ரவரியையும் கடந்து வந்த ஊர் கோவை. இப்படி ஒரு பட்டியல் தவறான கைக்குப் போனால் என்ன விளையும் என்பதை இவ்வூர்ப் பெரியவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

குறுஞ்செய்தியின் வேகம் என்ன செய்யும் என்பதற்கு 2012 ஆகஸ்ட் சாட்சி. அஸ்ஸாமில் நடந்த கலவரத்தைத் தொடர்ந்து, "ரமளான் முடிந்ததும் முஸ்லிம்கள் வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப் போகிறார்கள்" என்ற வதந்தி செல்போன்களில் பரவியது. பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ரயிலேறினார்கள். சென்னை, கோவை போன்ற ஊர்களிலிருந்தும் தொழிலாளர்கள் கிளம்பினார்கள். மத்திய அரசு மொத்தக் குறுஞ்செய்திகளுக்கு 15 நாள் தடை விதித்தது. ஐந்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு வந்து, சில நாட்களில் அது 20 ஆகத் தளர்த்தப்பட்டது. யாரோ எழுதிய நான்கு வரிகளால், நோன்பு நோற்றுக்கொண்டிருந்த ஒரு சமுதாயத்தின் மீது பழி விழுந்தது. 2023-இலும் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, திருப்பூர், கோவை தொழிற்கூடங்கள் கலங்கின. அந்த வழக்கில் பீகார் யூடியூபர் ஒருவர் கைதானார்.

வதந்தியால் காயப்பட்ட சமுதாயம் நாம். நேரடிச் செய்தி என்ற கருவியை நாமே அலட்சியமாகக் கையாளலாமா?

பிள்ளைகள் தரும் எண்

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று இது. வீடியோக்களின் ரசிகர்களில் பெரும் பங்கு சிறுவர்கள். "பரிசுப் போட்டி, உங்கள் எண்ணை அனுப்புங்கள்" என்றால் அவர்கள் தருவது அத்தாவின் எண்ணை, அல்லது அம்மாவின் எண்ணை. வங்கிக் கணக்கும் ஓடிபியும் வருவது அதே எண்ணுக்குத்தான். புதிய தரவுச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரின் தகவலைப் பெற பெற்றோரின் உறுதிப்படுத்தப்பட்ட சம்மதத்தைக் கட்டாயமாக்குகிறது. சிறுவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. நம் கிரியேட்டர்கள் சட்டம் முழுமையாக வரும்வரை காத்திராமல் இன்றே இதைப் பின்பற்றலாம்.

செய்ய வேண்டியவை

கிரியேட்டர்களுக்கு: உங்கள் எண்ணை வீடியோவிலும் பார்சல் பெட்டியிலும் போடுங்கள், விரும்புபவர் வரட்டும். எதற்காக, மாதம் எத்தனை முறை அனுப்புவீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். தொழில் வளர்ந்தால் டிஎல்டி பதிவு செய்துகொள்ளுங்கள். அதுவரை வாட்ஸ்அப் சேனல் போதும், அதில் சேர்பவரின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. தராவீஹ் நேரத்தில் அனுப்பாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைத்தால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். 2023 ஜனவரி முதல் அரசின் வழிகாட்டுதலும் இதையே கேட்கிறது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு: பட்டியலைத் தர மறுப்பது உதவ மறுப்பது ஆகாது. அறிவிப்புப் பலகையில் அந்தப் பிள்ளையின் எண்ணை ஒட்ட இடம் கொடுங்கள். வேண்டியவர் குறித்துக்கொள்வார். பதிவேட்டைக் கையாள ஒருவரை மட்டும் பொறுப்பாக்குங்கள்.

குடும்பங்களுக்கு: வேண்டாத விளம்பரங்கள் பற்றி 1909-க்குப் புகார் செய்யலாம். மோசடி என்று சந்தேகித்தால் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

பிறர் வீட்டு வாசலில் சலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும், மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் மனம் கோணாமல் திரும்பிவிட வேண்டும் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. செல்போன் இன்று வீட்டின் உள்ளறை வரை போகும் வாசல். அங்கேயும் அதே ஒழுக்கம்தான். "இனி வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், அது "திரும்பிச் செல்லுங்கள்" என்பதன் இன்றைய வடிவம்.

நம் பிள்ளைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணுபவர்களாக நம் அனைவரையும் ஆக்குவானாக!