அயல்நாடு செல்லும் குடும்பமும் பிள்ளையின் பள்ளியும்

1956 அக்டோபர் வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. நவம்பர் 1 அன்று ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை மட்டும் மாறி நாம் சென்னை மாநிலத்தவரானோம். இன்று நகர்கிறவர்கள் நாமே. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களின் முதல் கவலை, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதே.

வளைகுடா நகரங்களில் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் இயங்கும் இந்தியப் பள்ளிகள் உண்டு. வேலை போய் நடுவில் ஊர் திரும்ப நேர்ந்தாலும் படிப்பு தடைபடாது என்பதால் அவற்றைத் தேர்வதில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டாம் மொழி எதுவென்று படிவம் கேட்கும்போது, மதிப்பெண் எளிது என்று பிரெஞ்சையோ இந்தியையோ குறித்துவிடுகிறோம். தமிழகத்திலோ 2006ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியிருக்கிறது. தேர்வுகூடப் பெரிதல்ல, தாத்தாவின் அலமாரி நூல்கள் அந்தப் பிள்ளைக்கு வெறும் காகிதமாகிவிடுகின்றன என்பதே நம் வருத்தம்.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. அரசுப் பள்ளிகளில் அது தாய்மொழிப் பாடமாகவும் இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே இடம் உறுதியில்லை, கிடைத்தால் விடலாகாது.

ஓரிரு ஆண்டில் திரும்புகிறவர்கள் இந்தியப் பாடத்திட்டத்தையும், தங்கிவிடுகிறவர்கள் உள்ளூர்ப் பள்ளியையும் நாடுவதே முறை என்று கருதுகிறோம். ஆனால் சேர்க்கைக்கு முன் இருவரும் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: இங்கே தமிழ் உண்டா? இல்லையென்றால், அன்றாடம் அரைமணி நேரம் வீட்டில் நாமே ஆசிரியராக அமர வேண்டியதுதான்.