கதவருகே அமர்ந்த மாணவர்

"சுவாமி, என் மகன் பெந்தகோஸ்து சபையினரின் வேதாகமக் கல்லூரியில் சேரப்போகிறானாம். நம் கோவிலில் முதல்நன்மை வாங்கின பிள்ளை. நாங்கள் எங்கே தவறினோம்?"

மட்டக்களப்பு வாவிக்கரைப் பங்குகளில் பணிபுரியும் குருக்களுக்கு இத்தகைய கேள்வி புதிதன்று. கண்ணீரோடு வரும் தாய்க்குக் கண்டன உரையொன்றை விடையாகத் தருவது எளிது. எனினும், அக்கல்லூரிகள் எவ்வாறு தோன்றின என்பதை அறிந்தபின் விடைகூறுவதே முறையாகும்.

பெந்தகோஸ்து இயக்கத்தின் தொடக்கமே ஒரு வேதாகமப் பள்ளியோடு பிணைந்தது. 1900 ஒக்டோபரில் அமெரிக்காவின் டொபேகா நகரில் சார்லஸ் பார்ஹம் என்னும் போதகர் வாடகை மாளிகையொன்றில் பெத்தேல் வேதாகமப் பள்ளியைத் திறந்தார். மாணவர் ஏறத்தாழ 40 பேர். கட்டணம் இல்லை, திருவிவிலியம் ஒன்றே பாடநூல். தூய ஆவியின் திருமுழுக்குக்கு மறைநூல் கூறும் அடையாளம் யாது என்பதைத் தேடுமாறு ஆசிரியர் பணித்தார். மாணவர்கள் திருத்தூதர் பணிகள் நூலை ஆராய்ந்தனர், செபித்தனர். 1901ஆம் ஆண்டின் முதல் நாளில் அக்னெஸ் ஓஸ்மன் என்னும் மாணவி பரவசப் பேச்சு பேசியதாக அவர்களது வரலாறு கூறுகிறது. அப்பள்ளி ஓராண்டுகூட நிலைக்கவில்லை.

பின்னர் பார்ஹம் ஹூஸ்டன் நகரில் மற்றொரு பள்ளி தொடங்கினார். 1906இன் தொடக்கத்தில் அங்கே வில்லியம் சீமோர் என்பவர் கற்க வந்தார். அவர் கறுப்பினத்தவர்; அடிமைகளாயிருந்த பெற்றோரின் மகன். நிறப்பாகுபாடு நிலவிய அக்காலத்தில் வெள்ளையரோடு ஒரே அறையில் அமர அவருக்கு இடமில்லை. பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே அமர்ந்தே பாடங்களைக் கேட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா வீதியில் அவர் தொடங்கிய செபக்கூட்டத்தில் கறுப்பரும் வெள்ளையரும் அருகருகே முழங்காலிட்டனர். அதைக் காண வந்த ஆசிரியர் பார்ஹமோ அக்கூட்டத்தைக் கண்டித்துச் சென்றார். ஆயினும் அங்கிருந்தே அவ்வியக்கம் உலகெங்கும் பரவிற்று.

கத்தோலிக்கராகிய நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சீமோர் குழந்தையாகத் திருமுழுக்குப் பெற்றது லூசியானா மாநிலத்தின் ஒரு கத்தோலிக்க ஆலயத்தில். அவரும் நம் திருமுழுக்குத் தொட்டியிலிருந்து எழுந்த பிள்ளையே!

அந்த அலை நம் கரைகளையும் எட்டியது. 1920களில் டென்மார்க்கின் முன்னாள் நடிகை அன்னா லெவினி இலங்கையில் நற்செய்தி அறிவித்தார். 1927இல் கேரளத்து மாவேலிக்கரையில் ஜோன் பர்ஜஸ் என்னும் அமெரிக்கர் பெத்தேல் வேதாகமப் பள்ளியை நிறுவினார். பின்னர் அது புனலூருக்கு மாறியது. அங்கே உள்ளூர் இளைஞர்கள் மறைநூலைக் கற்று, தம் மக்களிடையே போதகராகச் சென்றனர்.

இது நமக்கும் அந்நியமான எண்ணமன்று. மண்ணின் மைந்தரே தம் மக்களுக்கு மறைப்பணியாளராக வேண்டும் என்று கருதித்தான் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1893இல் கண்டி அம்பிட்டியவில் குருமடம் நிறுவினார். ஆனால் நாம் குருக்களை உருவாக்கினோம். குடும்பங்களின் கையில் மறைநூலைப் போதிய அளவு கொடுத்தோமா? 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் விசுவாசிகள் அனைவரும் திருவிவிலியத்தை அடிக்கடி வாசிக்குமாறு வலியுறுத்தியது. நம் வீடுகள் பலவற்றில் அது இன்னும் பீடத்து அலங்காரமாகவே இருக்கிறது. நம்மிடம் கேட்டுக் கிடைக்காததைப் பிள்ளை வேறிடம் தேடினால், குற்றம் முழுவதும் அவனுடையதாகுமா?

திருப்பலி, நற்கருணை, திருத்தூதர் வழிவரும் குருத்துவம் ஆகியவற்றில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. அதை மறைப்பது அன்பாகாது. அதேவேளை, 1972 முதல் கத்தோலிக்கத் திருச்சபை பெந்தகோஸ்து சபையினரோடு உரையாடி வருகிறது. உரோமை பேசும்போது, ஒரே வளவில் வாழும் உறவினர் பேசாதிருப்பது முறையா?

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும் குண்டு வெடித்த அதே காலையில், நம் நகரின் சீயோன் தேவாலயத்திலும் வெடித்தது. அது கத்தோலிக்க ஆலயமன்று. சுவிசேஷ சபையினரின் ஆலயம். ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். ஞாயிறு மறைக்கல்வி முடித்து வெளியே வந்திருந்த சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். கொன்றவன் எச்சபை என்று பிரித்துப் பார்க்கவில்லை. கிறிஸ்துவின் பெயரால் அவர்கள் அனைவரும் ஒன்றாக எண்ணப்பட்டனர். சாவில் ஒன்றாக எண்ணப்பட்டவர்களை வாழ்வில் அந்நியராக எண்ணலாகுமா?

நம்மைச் சாராத ஒருவர் இயேசுவின் பெயரால் பேயோட்டக் கண்ட யோவான் அவரைத் தடுக்க முயன்றார். தடுக்க வேண்டாம் என்றார் ஆண்டவர் (லூக்கா 9:49-50).

ஆகவே அந்தத் தாய்க்கு நான் கூறுவது இதுவே: அம்மா, மகனோடு வழக்காட வேண்டாம், கதவை அடைக்கவும் வேண்டாம். நாளை மாலை திருவிவிலியத்தை எடுத்து, வருகின்ற ஞாயிறு நற்செய்தியை வீட்டாரோடு வாசியுங்கள். மகனையும் அருகில் அமரச் சொல்லுங்கள். அவன் கேட்பவற்றுக்கு விடை தெரியாவிட்டால் என்னிடம் அழைத்து வாருங்கள், சேர்ந்து தேடுவோம்.

வீட்டில் மறைநூல் திறந்திருக்கட்டும். நம் பிள்ளைகளில் எவரும் கதவுக்கு வெளியே அமர்ந்து கேட்கும் நிலை வராதிருக்கத் தூய ஆவியானவர் நமக்கு அருள்வாராக.