புனைகதை உரையாடல்: வழக்குச் சொல்லிலிருந்து முன்னத்திற்கு

தமிழ்ப் புனைகதை குறித்த ஆய்வேடுகளில் உரையாடல் பெரும்பாலும் ‘மொழிநடை’ என்னும் இயலின் ஓர் உட்தலைப்பாகவே இடம்பெறுகிறது. பாத்திரங்களின் பேச்சிலிருந்து வட்டாரச் சொற்களும் ஒலித்திரிபுகளும் பழமொழிகளும் வசைச்சொற்களும் திரட்டப்பட்டு வகைப்படுத்தப்படுகின்றன. பட்டியல் முடிந்ததும், ஆசிரியர் மக்கள் பேச்சை இயல்பாகக் கையாண்டுள்ளார் என்னும் முடிவு எட்டப்படுகிறது. பேச்சு இயல்பாக அமைவது ஒன்று. அது கதைக்குள் செயற்படுவது வேறொன்று. முன்னதை அளக்கும் கருவிகள் மொழியியலின் துணையால் ஆய்வாளர்க்கு நிறையக் கிடைத்துள்ளன. பின்னதை அளக்கும் கருவிகள் தொல்காப்பியத்திலேயே இருந்தும், உரைநடைப் புனைவின்மீது அவை போதிய அளவு செலுத்தப்படவில்லை.

வழக்குச் சொல்லும் அதன் எல்லையும்

வட்டார வழக்கு ஆய்வின் பயனைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தின் மாந்தர்கள் பெரிதும் எழுத்துத்தமிழிலேயே உரையாடினர். அடுத்த இருபதாண்டுகளுக்குள் பி. ஆர். ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் வீட்டுப்பேச்சை நாவலுக்குள் கொணர்ந்தது. 1942இல் ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள் கொங்குநாட்டு உழவர் பேச்சுக்கு இடமளித்தது. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்கிற்கும் பெருமாள்முருகன் கொங்கு வழக்கிற்கும் சொல்லகராதிகளே தொகுத்தனர். இவ்வளர்ச்சியைப் பின்தொடர்ந்து விளக்கியதில் வழக்காய்வுக்குப் பெரும்பங்கு உண்டு.

எனினும், பட்டியலில் ஏறிய சொல் தன் கேட்போரை இழந்துவிடுகிறது. ‘அய்யா’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். கரிசல் சிற்றூர்ச் சிறுவன் தந்தையை அழைக்கையில் அது உறவுச்சொல். கூலியாள் நிலவுடைமையாளர் முன் நின்று சொல்லுகையில் அதுவே பணிவுச்சொல். அகராதி இவ்விரண்டு பொருளையும் தரும். ஒரு குறிப்பிட்ட காட்சியில் அச்சொல் அன்பைச் சுமக்கிறதா, அச்சத்தைச் சுமக்கிறதா என்பதை உரையாடலின் அமைப்பே சொல்ல இயலும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. தி. ஜானகிராமனின் தஞ்சைப் பேச்சும் ஒரு வட்டாரத்திற்கும் ஒரு சமூகத்திற்கும் உரியதே. ஆயினும் அது உரையாடல் நுட்பத்திற்காகப் போற்றப்படுவதும், உழைக்கும் மக்களின் பேச்சு சொற்களுக்காகத் திரட்டப்படுவதும் திறனாய்வில் நேர்கின்றன. ஒருவர் பேசுகிறார் என்றும் மற்றொருவர் வழக்குச் சான்று தருகிறார் என்றும் பிரிக்கும் பார்வை ஆய்வு நடுநிலைக்கு ஊறு விளைப்பது.

தொல்காப்பியம் தரும் கருவிகள்

செய்யுளியல் கூறும் முப்பத்துநான்கு உறுப்புகளில் கூற்று, கேட்போர், எச்சம், முன்னம் ஆகிய நான்கும் பேச்சுச் சூழலைப் பற்றியவை. யார் பேசுகிறார் என்பது கூற்று. யார் கேட்கிறார் என்பது கேட்போர். சொல்லாலோ குறிப்பாலோ நிறைவு செய்துகொள்ளுமாறு விடப்பட்டது எச்சம். இவ்விடத்தில் இம்மொழி இன்னார் இன்னார்க்கு உரியது என மொழியைக் கொண்டே உணரவைப்பது முன்னம். பெயரும் ‘என்றான்’, ‘என்றாள்’ என்னும் முடிபும் இன்றியே பேசுவோரையும் கேட்போரையும் வாசகர் அறிய வேண்டும் என்று இன்றைய எழுத்தாளர் விரும்புவது முன்னத்தின்பாற்படும்.

கூற்றுவரையறை இன்னும் கூர்மையானது. ஊரார், அயலார், சேரியோர், தந்தை, தமையன் முதலியோர்க்கு அகப்பாடலில் நேர்க்கூற்று இல்லை. அவர்கள் பேச்சு பிறர் எடுத்துமொழிவதாகவே வரும். நேரே பேசும் உரிமை ஒரு படைப்பில் யாருக்கு உண்டு, யார் பேச்சு பிறர் வாயிலாக மட்டும் வருகிறது என்னும் வினாவை நாவலின்முன் வைக்க இந்நூற்பா வழிகாட்டுகிறது.

மூன்று புனைவுகள்

ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசம் (1966) கேட்போர் மாறப் பேச்சு மாறுவதற்குச் சிறந்த சான்று. மழைநாளில் அயலான் ஒருவனுடைய காரில் ஏறிச் சீரழிக்கப்பட்டுத் திரும்பிய மகளைத் தாய் அடித்துக் கதறுகிறாள். அயலார் கூடியதும் மகள் மழையில் நனைந்து வந்ததையே சினத்திற்குக் காரணமாக்கி உண்மையை மறைக்கிறாள். பின்னர்த் தனிமையில் மகள் தலையில் நீரூற்றித் தூய்மை பெற்றாய் எனத் தேற்றுகிறாள். மூன்று இடத்தும் பேசுபவள் ஒருத்தியே; வழக்கும் ஒன்றே. வழக்குப் பட்டியலில் இம்மூன்று பேச்சும் ஒரே தொகுதியாகிவிடும். கதையின் உயிரோ அவற்றின் வேறுபாட்டில்தான் உள்ளது.

பூமணியின் வெக்கை (1982) எச்சத்தால் இயங்குவது. கொலைக்குப் பின் காடுமேடுகளில் மறைந்து திரியும் தந்தையும் மகனும் உணவு பற்றியும் தங்குமிடம் பற்றியும் பழைய நிகழ்ச்சிகள் பற்றியும் பேசிக்கொள்கின்றனர். அச்சத்தையும் பாசத்தையும் அவர்கள் பெயரிட்டுச் சொல்ல வேண்டிய தேவை நேர்வதில்லை. அன்றாடத் தேவைகளைப் பற்றிய சிறு சொற்களுக்கிடையே அவற்றை வாசகரே நிறைத்துக்கொள்கிறார். கதைமாந்தர் தம் உணர்ச்சியைத் தாமே விளக்கிப் பேசும் நாவல்களோடு ஒப்பிட்டால் இச்சிக்கனத்தின் வலிமை விளங்கும்.

இமையத்தின் கோவேறு கழுதைகள் (1994) கூற்றுரிமையின் எல்லையை விரிக்கிறது. ஒடுக்கப்பட்டோர்க்கும் துணி வெளுக்கும் வண்ணார் குடும்பத்துப் பெண்ணான ஆரோக்கியம், வீட்டு வாசல்களில் நின்று பணிந்து பேசுகிறாள். தன் வீட்டில் கணவனிடமும் பிள்ளைகளிடமும் வேறாகப் பேசுகிறாள். துயர் மிகுகையில் கேட்பார் எவருமின்றியும் புலம்புகிறாள். பிறர் எடுத்துமொழியும் நிலையிலேயே நெடுங்காலம் இருந்த ஒரு குரல் இங்கு நேர்க்கூற்றாகிறது. நாவலின் இவ்வடைவை வட்டாரச் சொல்லடைவு ஒன்றைக்கொண்டு மட்டும் காட்ட இயலாது.

தடையும் விடையும்

செய்யுளுக்கு வகுத்த இலக்கணத்தை உரைநடைக்குப் பொருத்துவது முறையாகுமா என்னும் தடை எழலாம். அகமாந்தர் பெயர் சுட்டப்படாத பொதுமாந்தர். நாவல் மாந்தரோ பெயரும் ஊரும் வரலாறும் உடையவர். ஆகவே அகத்திணைக் கூற்றுவரையறையை விதியாகக் கொள்ளுதல் பொருந்தாது. அதை வினாவாகக் கொள்ளுதல் பொருந்தும். மேற்குறித்த நான்கு உறுப்புகளும் சீரையோ தளையையோ சார்ந்தவை அல்ல. மனிதர் ஒருவரோடொருவர் பேசும் சூழலைச் சார்ந்த அவை உரைநடைக்கு அயலானவை ஆகா.

புனைகதை ஆய்வேட்டில் உரையாடலுக்குத் தனி இயல் ஒதுக்கப்படுதல் வேண்டும். யார் யாரிடம் பேசுகிறார், எவர் முன்னிலையில் பேச்சு மாறுகிறது, எது சொல்லப்படாது விடப்படுகிறது, எவர்க்கு நேர்க்கூற்று மறுக்கப்படுகிறது என்னும் வினாக்களுக்கு அவ்வியல் விடை காணல் வேண்டும். வழக்குச் சொற்றொகுப்பு அதற்கு அடிப்படைச் சான்றாகப் பின்னிணைப்பில் அமையலாம். பட்டியலை முடிவாகக் கொள்ளும் வரையில், பாத்திரம் பேசியும் அதன் பேச்சு ஆய்வில் கேட்கப்படாததாகவே இருக்கும்.